கலப்பிரிவும் ஈஸ்திரசன் வாங்கியும்

மனிதவுடல் கோடானுகோடி கலங்களாலானது. அக்கலங்கள் பிரியவேண்டிய காலத்திற் பிரிந்தும், அடங்கவேண்டிய காலத்தில் அடங்கியும் ஒழுகுவதே உடல்நலத்துக்கு அடிப்படையாகும். இவ்வொழுங்கு குலைந்து, கலங்கள் எல்லையின்றிப் பெருகும் நிலையே புற்றுநோய் எனப்படும். ஆயின், 'பிரிக' என்று கலத்துக்கு ஆணையிடுவது யாது? மார்பகப் புற்றுநோயைப் பொறுத்தவரை, இவ்வினாவுக்கு விடைகாண எழுந்த முயற்சி நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறுடையது.

கிளாஸ்கோ நகரின் அறுவை மருத்துவரான ஜோர்ஜ் பீற்சன், முற்றிய மார்பகப் புற்றுநோயுற்ற பெண்களின் சூலகங்களை அகற்றியபோது கட்டி சுருங்கக் கண்டு, அதனை 1896இல் 'லான்செற்' இதழில் வெளியிட்டார். 'ஓமோன்' என்னுஞ் சொல்லே 1905இலேதான் வழக்குக்கு வந்தது. ஆயினும் இச்சிகிச்சையால் ஏறத்தாழ மூவரில் ஒருவரே பயன்பெற்றனர். ஏனையோர் அறுவையின் துன்பத்தை வீணே ஏற்றனர். பயன்பெறுவார் யாவர் என்பதை முன்னறிய வழியில்லாதிருந்தது.

அவ்வழியைத் திறந்தவர் சிக்காகோப் பல்கலைக்கழகத்து எல்வூட் ஜென்சன் ஆவர். 1950களின் பிற்பகுதியில் அவர், கதிர்த்தொழிற்பாடுடைய ஐதரசனால் அடையாளமிடப்பட்ட ஈஸ்திரடையோலை இளம் எலிகளுக்குச் செலுத்தி ஆராய்ந்தார். கருப்பை முதலிய சில இழையங்கள் மட்டுமே அவ்வோமோனைப் பற்றிவைத்திருந்தன. ஓமோனோ இரசாயன மாற்றம் எதனையும் அடையவில்லை. எனவே, அதனைப் பற்றிக்கொள்ளும் தனிப்புரதம் ஒன்று அவ்விழையங்களில் இருத்தல் வேண்டும் என்பது பெறப்பட்டது. அதுவே ஈஸ்திரசன் வாங்கியாகும்.

இவ்வாங்கி ஒரு பிரதியாக்கக் காரணி; அஃதாவது, பரம்பரையலகுகளின் செய்தி ஆர்.என்.ஏ.யாகப் பிரதிசெய்யப்படுவதை ஆளும் புரதம். ஈஸ்திரசன் வந்து பொருந்தியதும் வாங்கியின் வடிவம் மாறுகின்றது. இரு வாங்கிகள் இணைந்து டி.என்.ஏ.யின் குறித்த இடங்களிற் படிந்து, துணைப்புரதங்களை அழைத்துச் சில பரம்பரையலகுகளை இயக்குகின்றன. நேராகவோ பிற காரணிகள் வாயிலாகவோ அவ்வாறு தூண்டப்படுவனவற்றுள் ஒன்று சைக்கிளின் டி1 என்னும் புரதத்துக்குரியது. அப்புரதம் சி.டி.கே. 4, சி.டி.கே. 6 ஆகிய நொதியங்களுடன் சேர்ந்து, கலப்பிரிவுக்குத் தடையாக நிற்கும் ஆர்.பி. புரதத்தைச் செயலிழக்கச் செய்கின்றது. தடை நீங்கவே ஈ2எஃப் என்னும் மற்றொரு பிரதியாக்கக் காரணி விடுபட்டு, டி.என்.ஏ. இரட்டித்தற்கு வேண்டிய பரம்பரையலகுகளை எழுப்புகின்றது. கலம் பிரியத் தொடங்குகின்றது.

ஈண்டு நுணுகி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. நலமுள்ள மார்பகத்தில் இவ்வாங்கியையுடைய கலங்கள் பெரும்பாலும் தாம் பிரிவதில்லை; அயற்கலங்களுக்கே வளர்ச்சிச் செய்தியை அனுப்புகின்றன. புற்றுநோயிலோ வாங்கியுடைய கலமே அவ்வாணையைத் தனக்குரியதாகக் கொண்டு பெருகுகின்றது. ஆகவே குற்றம் ஓமோனின்மேலதன்று. ஆணையை ஏற்கும் கலத்தின் ஒழுங்கு சிதைந்தமையே கேட்டுக்குக் காரணமாகும்.

மார்பகப் புற்றுநோய்களுள் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு இவ்வாங்கியை உடையன. 1970கள் முதல் கட்டியில் வாங்கி உண்டோ என முதலிற் சோதித்தறியும் வழக்கம் பரவிற்று. வாங்கியில்லாதார் பயனற்ற சிகிச்சையினின்றும் தப்பினர். 1962இல் இங்கிலாந்தில் கருத்தடை மருந்தாகக் கருதி ஆக்கப்பட்ட தமொட்சிபென், 1973இல் அந்நாட்டில் மார்பகப் புற்றுநோய்க்கு மருந்தாக ஏற்கப்பட்டது. அது ஈஸ்திரசனுக்குரிய இடத்தைத் தான் கவர்ந்து, துணைப்புரதங்கள் வாங்கியோடு சேராவண்ணம் அதன் வடிவைத் திரிக்கின்றது. ஆயினும் கருப்பையில் அதே மருந்து ஈஸ்திரசனைப் போலத் தொழிற்பட்டு, அங்குப் புற்றுநோய் தோன்றும் வாய்ப்பைச் சிறிது மிகுவிக்கின்றது. ஒரே வாங்கியாயினும் இழையத்துக்கு இழையம் அதன் துணைப்புரதங்கள் வேறுபடுதலே இதற்குக் காரணம்.

சில கட்டிகளில் வாங்கியே விகாரமுற்று, ஓமோன் இன்றியும் ஓயாது தொழிற்படும். அத்தகைய நிலையிலும் சங்கிலியின் அடுத்த கண்ணியைத் தடுக்கலாம். சி.டி.கே. 4, 6 நொதியங்களை அடக்கும் பல்போசிக்கிளிப் என்னும் மருந்து 2015இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

பீற்சன் காரணம் அறியாது கண்ட பயனுக்குக் காரணம் காட்டியது பின்வந்தோரின் ஆய்வு. எலியின் கருப்பையில் ஓர் ஓமோன் தங்குவதேன் என்ற வினா, முதற்பார்வையில் நோயாளிக்குத் தொடர்பற்றதாகவே தோன்றும். எனினும், எந்தப் பெண்ணுக்கு எம்மருந்து உதவும் என்று மருத்துவர் இன்று துணியக்கூடியதாயிருப்பது அவ்வினாவின் பயனேயாம்.