சேற்றில் இறங்குவோரும் மேற்கோள் கணக்கும்

கடல்சார் விஞ்ஞானி ஒருவர் எத்தனை கட்டுரைகள் பிரசுரித்தார், அவற்றை உலகத்தார் எத்தனை தடவை மேற்கோள் காட்டினர் என்னும் இரு கேள்விகளுக்குக் கிடைக்கும் விடையே அவருடைய வித்வத்துக்குப் பிரமாணம் என்ற அபிப்பிராயம், கிள்ளான் பள்ளத்தாக்கின் சர்வகலாசாலைகளில் இன்று கேள்விமுறையின்றி ஆட்சி செலுத்துகிறது. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும், மகன் ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் படிக்கிறான் என்று பெருமையோடு சொல்லும் பெற்றோர்கூட, அவனுடைய ‘எச்-இன்டெக்ஸ்’ என்ன என்று விசாரிக்கும் காலம் வந்துவிட்டது.

பௌதிக அறிஞர் ஹிர்ஷ் 2005-ல் வகுத்த அந்த அளவுகோலின்படி, குறைந்தது இருபது தடவை மேற்கோள் பெற்ற கட்டுரைகள் இருபது வைத்திருப்பவருக்கு மதிப்பு இருபது. கணக்கு எளிது; நம் கரைக்கே அதைப் பொருத்திப் பார்க்கலாம். 1901-ல் ஸ்வெட்டன்ஹாம் துறைமுகம் என்று திறக்கப்பட்டு 1972-ல் கிள்ளான் துறைமுகம் என்று பெயர் மாறிய அந்த இடத்துக் கடலேற்றத்தை ஆதாரமாகக் கொண்டு, வனத்துறை அதிகாரி ஜே. ஜி. வாட்சன், மலாயாத் தீபகற்பத்தின் சதுப்புநிலக் காடுகளைப் பற்றி 1928-ல் வெளியிட்ட நூலில், கடல்நீர் மாதத்துக்கு எத்தனை தடவை உள்ளே ஏறுகிறது என்பதை வைத்தே காட்டை ஐந்து வகுப்பாகப் பிரித்தார்: முதல் வகுப்பில் 56 முதல் 62 தடவை, ஐந்தாம் வகுப்பில் இரண்டுக்கு மேல் இல்லை. ஏறத்தாழ நூறாண்டாக ஆராய்ச்சியாளர் எடுத்தாண்டு வரும் நூல் அது. ஆயினும் அத்தகைய ஒரே நூலை எழுதி, ஆயிரம் மேற்கோள் பெற்று, அத்தோடு ஒருவர் நிறுத்திக்கொண்டால், ஹிர்ஷின் கணக்கில் அவர் மதிப்பு ஒன்றுதான்!

மலாயாப் பல்கலைக்கழகத்தின் ஏ. சசேகுமார், மலாயாச் சதுப்புக் கரையொன்றில் எந்த நண்டு எங்கே வாழ்கிறது, எந்த நத்தை எவ்வளவு உயரத்தில் ஒட்டிக்கொள்கிறது என்பதை ஆராய்ந்து 1974-ல் வெளியிட்ட கட்டுரையும், பின்னர் 1990-ல் வி. சி. சோங் முதலியோரோடு சேர்ந்து சிலாங்கூர் அலையாத்தி ஓடைகளின் மீன்களையும் இறால்களையும் பற்றி எழுதியதும் இன்றளவும் எடுத்தாளப்படுகின்றன. வாழையிலையில் நமக்குப் பரிமாறப்படும் இறாலுக்கும் பாக்காவ் என்னும் அலையாத்தி மரத்தின் வேர்களுக்கும் என்ன உறவு என்பதை ஊகமாக அன்றிக் கணக்காகச் சொல்ல உதவியவை இப்படிப்பட்ட ஆராய்ச்சிகளே.

அந்த வேலையின் தன்மையைச் சற்று அருகே சென்று பார்க்கவேண்டும். வற்றம் தரும் சில மணி நேரத்துக்குள், முழங்காலுக்கு மேல் அமிழ்த்தும் சேற்றில் இறங்கி, சதுரச் சட்டத்தைப் பதித்து, அதற்குட்பட்ட மண்ணைத் தோண்டிச் சல்லடையில் அலசி, மிஞ்சிய புழுவையும் நண்டுக் குஞ்சையும் பொறுக்கிக் குப்பியில் இட்டு, பிறகு ஒவ்வொன்றுக்கும் பெயர் காணவேண்டும். பெயர் காண்பதுதான் பெரும் பாடு. ஒரே மாதிரி தோன்றும் இரண்டு நத்தைகளை வேறு வேறு என்று அறியும் கண் பல வருஷப் பயிற்சியில் வருவது. அதற்கோ மேற்கோள் கிடைப்பது அரிது, ஏனெனில் இனங்களை அடையாளம் காட்டித் தந்தவர் பெயர் பெரும்பாலும் நன்றியுரையில் ஒரு வரியோடு நின்றுவிடுகிறது.

என் கவலையெல்லாம் இதைப் பற்றியதே. ஒரு சஞ்சிகையின் செல்வாக்கு, முந்திய இரண்டாண்டுக் கட்டுரைகள் பெற்ற மேற்கோளைக் கொண்டு கணிக்கப்படுகிறது. மண்ணில் எடுத்த மாதிரிகளைப் பிரித்துப் பெயரிடவே இரண்டாண்டு பிடிக்கும் துறைக்கு அந்தக் கெடு எப்படிப் பொருந்தும்? உத்தியோக உயர்வை எதிர்பார்க்கும் இளைஞன், சேற்றைத் தொடாமல், பிறர் சேர்த்த தரவுகளைக் கணினியில் கோத்து வருஷத்துக்கு ஐந்து கட்டுரை எழுதுவானேயன்றி, சல்லடையைக் கையில் எடுப்பானா? எண் இல்லாவிட்டால் சிபாரிசே கோலோச்சும் என்பாரும் உண்டு; அதிலும் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் நத்தைக்குப் பெயர் சொல்லத் தெரிந்த கடைசி மனிதர் ஓய்வு பெற்ற பின், அந்தக் கரையில் எந்த இனம் அழிந்தது என்று சொல்ல எந்தக் கணினியாலும் ஆகாது.

நியமனக் குழுவிலும் பதவி உயர்வுக் குழுவிலும் அமரும் பெரியோர்களுக்கு விண்ணப்பம் ஒன்றே: எண்ணைப் பாருங்கள், தடையில்லை; ஆனால் கையெழுத்திடுமுன் அந்த மனிதர் எழுதிய கட்டுரைகளுள் ஒன்றையாவது முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை தயவுசெய்து படியுங்கள்.