1.2 மி.மீ. மேலோடு

புவியின் உள்ளமைப்பை விளக்க வழக்கமாகக் காட்டப்படும் வேகவைத்த முட்டை, ஓடு, வெண்கரு, மஞ்சள்கரு என்ற அடுக்கு வரிசைக்குப் பொருந்தினாலும் அளவில் பொருந்துவதில்லை. கண்டங்களைத் தாங்கும் புவி மேலோடு சராசரியாக 35 கி.மீ. தடிமன் கொண்டது; 6,371 கி.மீ. நீளமான புவி ஆரத்தில் இது அரை விழுக்காட்டைச் சற்றே தாண்டுகிறது என்பதால், விகிதப்படி பார்த்தால் முட்டை ஓடு அதைவிட இருமடங்குக்கும் மேல் தடித்தது. மெல்லிய இந்த மேலோட்டை அளவு மாறாமல் காட்டும் பொருள், ராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி எனப் பாலாற்றையொட்டிப் பரவியுள்ள தோல் தொழில் வட்டாரத்தில் தாராளமாகக் கிடைக்கிறது.

ஷூவின் மேற்பாகத்துக்கெனப் பதனிட்டு, கேஜ் வைத்துத் தடிமன் பார்த்துப் பிரிக்கப்படும் தோலில் 1.2 மி.மீ. வழக்கமான ஓர் அளவு. அந்தத் தோலை மேலோடாகக் கொண்டால், புவி 44 செ.மீ. விட்டமுள்ள பந்தாகிவிடும். தோலுக்கு அடியில் ஏறத்தாழ 10 செ.மீ. வரை இருப்பது கவசம் எனப்படும் சிலிக்கேட் பாறை அடுக்கு. அதற்கும் உள்ளே, கால்பந்தைவிடச் சற்றுப் பெரிதாக, இரும்பும் நிக்கலும் மிகுந்த கருவம். அதன் நடுவே 8 செ.மீ. விட்டத்தில் திடமான உட்கருவம். இவ்வட்டாரத்துக்கு அருகிலுள்ள கோலார் தங்கச் சுரங்கம் 3 கி.மீ.க்கும் கீழே இறங்கியது என்றாலும், இந்தப் பந்தில் அது தோலைச் சுமார் 0.1 மி.மீ. மட்டுமே துளைத்திருக்கும்.

தோண்டி எட்ட முடியாத ஆழத்தைப் பற்றிய அறிவு நிலநடுக்க அலைகளிலிருந்து கிடைத்தது. இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றியவரும் 1897ஆம் ஆண்டின் அஸ்ஸாம் நிலநடுக்கத்தை ஆராய்ந்தவருமான ஆர்.டி. ஓல்டாம், புவிக்குள் ஊடுருவி வரும் அலைகளின் வேகத்தைக் கொண்டு, கருவம் ஒன்று உண்டென 1906இல் காட்டினார். பாறையைப் பக்கவாட்டில் அசைத்துச் செல்லும் இரண்டாம் நிலை அலைகள் திரவத்தினூடே செல்வதில்லை. அவை கருவத்தைக் கடந்து வராததால் அதன் வெளிப்பகுதி உருகிய நிலையில் உள்ளது என்பது பின்னர் உறுதியாயிற்று. உட்கருவத்தை 1936இல் நிலநடுக்கவியலாளர் இங்கெ லேமன் கண்டறிந்தார்.

தோல்பந்தும் ஓரிடத்தில் தவறுகிறது. அதன் அடுக்குகள் ஒன்றோடொன்று கலப்பதில்லை. புவியின் கவசமோ திடமாக இருந்துகொண்டே மிக மெதுவாக நகர்கிறது, ஆங்காங்கே உருகி மேலோட்டைப் பிளந்தும் வருகிறது. வாணியம்பாடிக்குத் தெற்கே, திருப்பத்தூரை அடுத்த சேவத்தூரில் காணப்படும் கார்பனடைட் இதற்குச் சான்று. பாதிக்கு மேல் கார்பனேட் கனிமங்களால் ஆன இந்த அரிய பாறை, கவசத்தில் தோன்றிய குழம்பு ஏறத்தாழ 75 முதல் 80 கோடி ஆண்டுகளுக்கு முன் மேலேறி உறைந்ததால் உருவானது. அதைச் சார்ந்து அங்கே கிடைக்கும் வெர்மிகுலைட் என்னும், சூடேற்றினால் பலமடங்கு உப்பும் கனிமத்தைத் தமிழ்நாடு கனிம நிறுவனம் வெட்டியெடுத்து வந்துள்ளது. அடுக்குகளின் அளவை அறிய ஆம்பூர்த் தோல் போதும். அவற்றுக்கிடையே நடக்கும் போக்குவரத்தை அறியச் சேவத்தூர்ப் பாறையைத்தான் பார்க்க வேண்டும்.