சென்னை டு பெங்களூரு ஃப்ளைட்: டிக்கெட்டில் 1 மணி நேரம், உண்மையில் எவ்வளவு?

பெங்களூருல வேலை, சென்னையில வீடு. மாசம் ஒரு தடவையாவது ஊருக்கு வரணும். "ஒரு மணி நேர ஃப்ளைட்தானே, போட்டுடலாம்"னு புக் பண்றவரா நீங்க? அப்போ இந்தக் கணக்கை ஒரு தடவை பார்த்துடுங்க.

270 கி.மீ.தான், ஆனால்...

இரண்டு ஏர்போர்ட்டுக்கும் நடுவே வான்வழித் தூரம் சுமார் 270 கி.மீ. சாலையில் சுமார் 350 கி.மீ. விமானம் மேலே ஏறி நிதானிப்பதற்குள் இறங்க ஆரம்பிச்சுடும். டிக்கெட்டில் இருக்கும் ஒரு மணி நேரச் சொச்சம், ஓடுபாதைக்கு ஊர்ந்து போற நேரத்தையும் சேர்த்துத்தான்.

ஆனா உங்க பயணம் ஏர்போர்ட்டில் தொடங்குறதில்லை, வீட்டு வாசல்ல தொடங்குது. வேளச்சேரியிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போறதா வெச்சுக்குவோம்.

ஃப்ளைட்
- வீடு டு மீனம்பாக்கம்: 30 நிமிடம்
- செக்-இன், செக்யூரிட்டி, காத்திருப்பு: 90 நிமிடம்
- விமானம்: 65 நிமிடம்
- இறங்கி, பேக் எடுக்க: 25 நிமிடம்
- தேவனஹள்ளி டு எலக்ட்ரானிக் சிட்டி: 120 நிமிடம்

மொத்தம் ஐந்தரை மணி நேரம். ஏர்போர்ட் ஊரின் வடக்கே, எலக்ட்ரானிக் சிட்டி தெற்கே. நடுவுல 50 கி.மீ.க்கு மேல டிராஃபிக்.

ரயில்
- வீடு டு சென்ட்ரல், காத்திருப்போடு: 90 நிமிடம்
- வந்தே பாரத்: சுமார் 270 நிமிடம்
- ஸ்டேஷன் டு எலக்ட்ரானிக் சிட்டி: 90 நிமிடம்

மொத்தம் ஏழரை மணி நேரம். மிச்சம் 2 மணி நேரம் மட்டும்தான்.

அந்த 2 மணி நேரத்தோட விலை என்ன?

உதாரணத்துக்கு, கேப் எல்லாம் சேர்த்து ஃப்ளைட்டுக்கு ரூ.4,500, ரயிலுக்கு ரூ.1,500. வித்தியாசம் ரூ.3,000. அதாவது, ஒரு மணி நேரத்தை ரூ.1,500 கொடுத்து வாங்குறீங்க.

உங்க ஒரு மணி நேர சம்பளம் எவ்வளவு? கையில வர்றது ரூ.50,000, மாசம் 22 நாள், தினம் 8 மணி நேரம்னா சுமார் ரூ.284. ஐந்து மடங்குக்கு மேல கொடுத்து வாங்குறது லாபமா?

மாசம் ஒரு முறை போய்வந்தா ரூ.6,000 வித்தியாசம். வருஷத்துக்கு ரூ.72,000. மாசச் செலவு ரூ.30,000 இருக்கிறவருக்கு, இது இரண்டு மாசத்துக்கு மேல தாங்குற எமர்ஜென்சி ஃபண்ட்!

நைட் பஸ் இன்னொரு வழி. ஓசூர் வழியா வர்ற பஸ் எலக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டித்தான் ஊருக்குள்ள போகும், வழியிலேயே இறங்கிக்கலாம். தூங்குற நேரத்துல பயணம் முடிஞ்சுடும்.

எப்போ ஃப்ளைட் சரி?

சென்னை டு டெல்லி வான்வழியில் சுமார் 1,760 கி.மீ. விமானத்தில் மூணு மணி நேரத்துக்குள்ள. ரயிலில் ஒரு நாளுக்கு மேல. போக ஒரு லீவு, வர ஒரு லீவு மிச்சம். அங்கே ஃப்ளைட் காசுக்கு அர்த்தம் இருக்கு. வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லைன்னா கணக்கே பார்க்காதீங்க, கிளம்புங்க. அந்த மாதிரி நாளுக்குத்தான் எமர்ஜென்சி ஃபண்ட்.

அடுத்த தடவை புக் பண்றதுக்கு முன்னாடி இதை மட்டும் போட்டுப் பாருங்க: செலவு வித்தியாசம் ÷ மிச்சமாகும் மணி நேரம். உங்க ரூட்டுக்கு என்ன வருதுன்னு கமென்ட்ல சொல்லுங்க!