நாளைக்கு ஃபிளைட், எந்தக் கார்டு எடுக்கிறது?

கோவை பீளமேட்டில் விமானம் ஏறினால் நாலு, நாலரை மணி நேரத்தில் சிங்கப்பூர். அதனால் இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் திடீர் வெளிநாட்டுப் பயணம் அதிசயம் இல்லை. போன வாரம் ஹோப் காலேஜ் பக்கம் ஒரு பேக்கரியில் டீ சாப்பிடும்போது, பம்ப் உதிரிபாகப் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் பிடித்துக்கொண்டார். "தம்பி, நாளைக்கு ராத்திரி சிங்கப்பூர் போகோணுங்க. மச்சானுக்கு ஆபரேஷன். விசா ஏற்கெனவே எடுத்தது இருக்குது. பணத்தை ஏர்போர்ட்லயே மாத்திக்கலாமுங்களா?"

"அது கடைசி வழியா இருக்கட்டுங்ணா" என்றேன். அவருக்குச் சொன்னது அவசரமாகக் கிளம்பும் எல்லோருக்கும் பொருந்தும்.

எப்படிக் கட்டினாலும், நம் ரூபாய் ஏதோ ஓர் இடத்தில் டாலராக மாறித்தான் ஆகவேண்டும். மாற்றுவது யார், என்ன ரேட்டுக்கு என்பதுதான் முழுக் கேள்வியும். 'கமிஷன் கிடையாது' என்று போர்டு வைத்த கவுண்டரும் சும்மா மாற்றித் தருவதில்லை. லாபத்தை ரேட்டுக்குள்ளேயே சேர்த்துவிடுவார்கள். ஆகவே கமிஷன் எவ்வளவு என்று கேட்கக் கூடாது. "ஆயிரம் டாலர் கையில் வாங்க, வரியெல்லாம் சேர்த்து மொத்தம் எத்தனை ரூபாய் தரணும்?" என்று கேட்க வேண்டும். அந்தத் தொகையை அன்றைய சந்தை ரேட்டோடு போனில் ஒப்பிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

கணக்கு சுளுவாக இருக்கட்டும் என்று ஒரு சிங்கப்பூர் டாலரை 70 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் டாலர் செலவு என்றால் 70,000 ரூபாய். சாதாரண கிரெடிட் கார்டில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதம் வரை மார்க்கப், அதாவது கூடுதல் கட்டணம், போடுகிறார்கள். அது 2,450 ரூபாய். அந்த மார்க்கப் மீது 18 சதவீதம் ஜிஎஸ்டி 441 ரூபாய். ஆக 2,891 ரூபாய் கூடுதல். மார்க்கப் 2 சதவீதம் உள்ள கார்டு என்றால் இதே செலவுக்கு 1,652 ரூபாய். மார்க்கப்பே இல்லாத கார்டுகளும் இப்போது சில வங்கிகளில் கிடைக்கின்றன. அவற்றில் கார்டு நிறுவனத்தின் ரேட் மட்டும்தான். கவுண்டரில் டாலரை 74 ரூபாய்க்குக் கொடுத்தால், கமிஷன் என்ற பேச்சே இல்லாமல் 4,000 ரூபாய் போய்விடும்.

அண்ணன் பர்ஸைத் திறந்து மூன்று கார்டுகளை மேசையில் வைத்தார். எதில் மார்க்கப் எவ்வளவு என்று அவருக்குத் தெரியவில்லை. பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. வங்கியின் ஆப்பிலோ கட்டண அட்டவணையிலோ 'ஃபாரின் கரன்சி மார்க்கப்' என்ற வரியில் இருக்கும். பார்த்தால் ஒன்று 3.5, இன்னொன்று 2. மூன்றாவது டெபிட் கார்டு. நாளைக்குக் கிளம்புகிறவர் புதுக் கார்டுக்கு விண்ணப்பித்துக் காத்திருக்க முடியாது. இருக்கிறதில் குறைந்ததை எடுத்தாலே போதும்.

ஆனால் அந்தக் கார்டு அங்கே வேலை செய்யுமா? ரிசர்வ் வங்கி 2020-இல் கொண்டுவந்த விதிப்படி, புதிதாகத் தரும் கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டும்தான் திறந்திருக்கும். வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமே ஆன் செய்ய வேண்டும். கடை மிஷின், ஏடிஎம், ஆன்லைன் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஸ்விட்ச் உண்டு. ஊரில் இருக்கும்போதே ஓடிபி வாங்கி முடித்துவிடுவது நல்லது. வெளிநாட்டு மிஷின் பல நேரம் பின் நம்பர்கூடக் கேட்காது, ஓடிபியும் வராது. கார்டு தொலைந்தால் எடுத்தவர் பாடு கொண்டாட்டம். ஆகவே தினசரி வரம்பையும் தேவைக்கேற்பக் குறைத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, பலர் ஏமாறும் இடம். ஒரு கடையில் 86.40 டாலருக்குப் பொருள் எடுத்துக் கார்டைத் தருகிறீர்கள். மிஷினில் இரண்டு தொகை வருகிறது: 86.40 டாலர், அல்லது 6,350 ரூபாய். ரூபாயில் காட்டுகிறதே என்று நம் ஆட்கள் மகிழ்ந்து அதை அமுக்குவார்கள். 70 ரூபாய்க் கணக்கில் அது 6,048 ரூபாய்தான். மிச்சம் 302 ரூபாய் கடைக்காரரின் வங்கியும் மாற்றிக் கொடுக்கும் நிறுவனமும் பிரித்துக்கொள்வது. அதோடு விடவில்லை. வெளிநாட்டில் ரூபாயில் கட்டினால் நம்மூர் வங்கிகள் சில ஒரு சதவீதமும் ஜிஎஸ்டியும் தனியாகப் போடும். அது 75 ரூபாய். மொத்தம் 377 ரூபாய் நட்டம். டாலரையே அமுக்கியிருந்தால், 3.5 சதவீதக் கார்டில்கூட 250 ரூபாயோடு முடிந்திருக்கும். 2 சதவீதக் கார்டில் 143. எந்த நாட்டுக்குப் போனாலும் அந்த நாட்டுப் பணத்திலேயே கட்டுங்கள். ஏடிஎம் கேட்டாலும், ஹோட்டல் ரிசப்ஷனில் கேட்டாலும் இதே பதில்தான்.

"அப்ப நோட்டே வேண்டாமுங்களா?" என்றார். கொஞ்சம் வேண்டும். எம்ஆர்டி ரயிலிலும் பஸ்ஸிலும் கார்டைத் தட்டினாலே போதும். வெளிநாட்டுக் கார்டுக்கு, பயன்படுத்தும் ஒவ்வொரு நாளும் சிறு கட்டணம் ஒன்று சேரும். ஆனால் சாப்பாட்டுக் கடைகள் சிலவற்றில் இன்னும் நோட்டுதான் சுளுவு. இரண்டு, மூன்று நாளுக்கு 200 டாலர் எடுத்துக்கொண்டால் தாராளம். அதை ஏர்போர்ட்டுக்கு முன்னாலேயே, ரிசர்வ் வங்கி அனுமதி பெற்ற மணி சேஞ்சர் இரண்டு பேரிடம் ரேட் கேட்டு வாங்குவது நல்லது. பாஸ்போர்ட், பான், டிக்கெட், விசா கேட்பார்கள். ரொக்கம் கொடுத்து 50,000 ரூபாய் வரைதான் வாங்கலாம்; மேலே போனால் வங்கி வழியாகத்தான். நோட்டாக ஒரு பயணத்துக்கு 3,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை வாங்கலாம். பணம் மாற்றுவதற்கான ஜிஎஸ்டி குறைந்தபட்சம் 45 ரூபாய். இந்திய ரூபாய் நோட்டு 25,000 வரை எடுத்துச் செல்லலாம். அவசரத்துக்குச் சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா சேஞ்சர்களிடம் அது மாறும்.

யுபிஐயும் உண்டு. ஆப்பில் யுபிஐ இன்டர்நேஷனலை ஆன் செய்து வைத்தால், யுபிஐ அடையாளம் ஒட்டிய கடைகளில் க்யூஆர் ஸ்கேன் செய்து கட்டலாம். கட்டும் முன்பே எத்தனை ரூபாய் என்று திரையில் காட்டிவிடும். மார்க்கப் சேர்ந்த தொகையாகவும் இருக்கலாம் என்பதால் ஒரு பார்வை பார்த்துவிட்டு அமுக்குங்கள். எல்லாக் கடையிலும் நடக்காது. அதை மட்டும் நம்பிப் போகக் கூடாது. அண்ணனுக்கு இன்னொரு வசதியும் இருந்தது. 2023 பிப்ரவரி 21 முதல் யுபிஐயும், அதைப் போன்ற சிங்கப்பூரின் பேநவ்வும் இணைக்கப்பட்டிருக்கின்றன. இதில் சேர்ந்த வங்கியில் கணக்கு இருந்தால், அங்கே இருக்கும் மச்சான் மகன் போன் நம்பருக்கு இங்கிருந்தே பணம் அனுப்பலாம். தொடக்கத்தில் நாளொன்றுக்கு 60,000 ரூபாய் வரம்பு வைத்தார்கள்.

வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றி வைக்கும் ஃபாரெக்ஸ் கார்டு பற்றியும் கேட்டார். சிங்கப்பூர் டாலரையே ஏற்றினால், அங்கே தேய்க்கும்போது மார்க்கப் இல்லை. ஆனால் ஏற்றும் ரேட்டிலேயே வங்கியின் லாபம் இருக்கும். அமெரிக்க டாலர் ஏற்றிய கார்டைச் சிங்கப்பூரில் தேய்த்தால், கரன்சி மாற்றத்துக்கு மறுபடியும் கட்டணம். மிச்சப் பணத்தைத் திரும்ப ரூபாயாக்கும்போது வாங்கும் ரேட் வேறு, குறைவு. மாதக்கணக்கில் தங்குகிறவருக்கும் படிக்கப் போகிற பிள்ளைக்கும் இது சரி. நாலு நாள் பயணத்துக்கு ஓடி அலைந்து எடுக்க வேண்டியதில்லை.

ஏடிஎம்மில் எடுப்பதானால் டெபிட் கார்டு, அதுவும் ஒரே தடவையில். ஒவ்வொரு முறையும் நம் வங்கி நிலையான கட்டணம் ஒன்றையும் மார்க்கப்பையும் போடும். அங்குள்ள ஏடிஎம்மும் தன் பங்கை எடுக்கலாம். கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுக்கவே கூடாது. எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும், தனிக் கட்டணமும் உண்டு. ஹோட்டல் டெபாசிட்டுக்கு மட்டும் கிரெடிட் கார்டையே கொடுங்கள். டெபிட் கார்டு கொடுத்தால் அந்தப் பணம் பிடித்து வைக்கப்பட்டு, கையில் உள்ள காசு முடங்கிப்போகும்.

வரி பற்றிய பயமும் பலருக்கு இருக்கிறது. சொந்தமாக ஏற்பாடு செய்யும் பயணத்துக்கு வாங்கும் வெளிநாட்டுப் பணத்தில் டிசிஎஸ் என்ற முன்கூட்டிய வரியைப் பிடிப்பது, நிதியாண்டுக்கு 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான். இது 2025 ஏப்ரல் முதல். பிடித்தாலும் வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். வெளிநாட்டில் கிரெடிட் கார்டு தேய்ப்பது இந்தக் கணக்கில் வராது.

டீ ஆறுவதற்குள் அண்ணன் செய்ய வேண்டியது முடிவாகிவிட்டது. பெரிய செலவுக்கு 2 சதவீதக் கார்டு, கைச்செலவுக்கு 200 டாலர், ஆபத்துக்கு டெபிட் கார்டு பெட்டியில் தனியாக. அங்கேயே உட்கார்ந்து ஆப்பில் ஸ்விட்சுகளை ஆன் செய்தார். திரும்பி வந்தவுடன் அவற்றை அணைக்கச் சொன்னேன். பத்து நாள் கழித்து ஸ்டேட்மென்டையும் பார்க்கச் சொன்னேன். வெளிநாட்டுச் செலவுகளும் கட்டணங்களும் தாமதமாகத்தான் வந்து விழும். தெரியாத பதிவு எதுவும் இருந்தால் அன்றே வங்கியில் புகார் கொடுத்துவிட வேண்டும்.