பழி ஓரிடம்: இறுதி ஆட்டங்களும் ஒற்றை உடலும்

1

கால்பந்து பற்றி ஒரு சிற்றிதழில் எழுத என்ன கிடக்கிறது என்று நண்பர் கேட்டார். இயக்க வேலைகளில் ஊறியவர். ‘ஜனங்களை மயக்கி வச்சிருக்கிற சமாச்சாரம், அதுக்குப் போயி நீங்க வேற விளக்கம் எழுதணுமா?’ என்பது அவர் கட்சி. மயக்கம் என்று சொல்லி ஒதுக்கிவிடுவது நமக்குச் சுலபம். அந்த மயக்கம் எப்படி வேலை செய்கிறது, தெளிந்த பிறகு யார் தலையில் விடிகிறது என்று பார்க்க வேண்டாமா? ஆண்கள் கால்பந்தில் கோப்பையைத் தீர்மானித்த ஆட்டங்களின் வரலாற்றை இந்தக் கேள்வியோடு வாசித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. உள்ளே நுழைய ஒரு மனிதரை எடுத்துக்கொள்கிறேன். மோஸிர் பார்போசா. 1950இல் பிரேஸில் அணியின் கோல்கீப்பர். கறுப்பர்.

2

முதலில் ஒரு செய்தி. 1950 உலகக் கோப்பையில் இறுதி ஆட்டம் என்று ஒன்று கிடையாது. முதல் சுற்றில் தேறிய பிரேஸில், உருகுவே, ஸ்பெயின், ஸ்வீடன் ஆகிய நான்கு அணிகளும் ஒன்றோடொன்று மோதவேண்டும். அதிகப் புள்ளி எடுக்கும் அணிக்குக் கோப்பை. இதுதான் ஏற்பாடு. பிரேஸில் ஸ்வீடனை 7-1 என்றும் ஸ்பெயினை 6-1 என்றும் வென்றது. உருகுவே ஸ்பெயினோடு 2-2 என்று சமன் செய்து, ஸ்வீடனை 3-2 என்று தட்டுத்தடுமாறி வென்றது. ஜூலை 16 அன்று இரண்டும் மோதும்போது பிரேஸிலுக்கு 4 புள்ளி, உருகுவேக்கு 3. பிரேஸிலுக்கு ஆட்டம் சமனில் முடிந்தாலே போதும். அதே நாளில் சாவோ பாலோவில் ஸ்வீடனும் ஸ்பெயினும் ஆடின. அது யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

அட்டவணையில் அது குழுவின் கடைசி நாள் ஆட்டங்களில் ஒன்று. ‘இறுதி ஆட்டம்’ ஆனது சொல்லிச் சொல்லித்தான். ‘இறுதி’ என்பது விளையாட்டு விதியில் மட்டும் இருக்கும் ஒன்றல்ல, அது ஒரு கதையாடல் தேவை. சிதறிக் கிடக்கும் ஒரு ஜனத்திரளை ‘நாம்’ என்று ஒரே மூச்சில் பேசவைக்க ஒரு கடைசிக் காட்சி வேண்டியிருக்கிறது. லட்சக்கணக்கானோர் அடங்கிய கற்பிதச் சமூகம், பெயர் தெரிந்த பதினோரு பேராகக் கண்முன் நிற்கும்போதுதான் நிஜமாகத் தெரிகிறது என்ற பொருளில் வரலாற்றாசிரியர் ஹாப்ஸ்பாம் எழுதியிருக்கிறார். அந்தப் பதினொன்று எப்போது ஒன்றாகச் சுருங்குகிறது என்பதே என் கேள்வி.

ரியோ டி ஜெனீரோவின் மாரக்கானா அரங்கம் அந்தப் போட்டிக்காகவே கட்டப்பட்டது. டிக்கெட் வாங்கி உள்ளே போனவர்கள் மட்டும் 1,73,850 பேர். மொத்தம் இரண்டு லட்சத்தை நெருங்கும் என்பார்கள். ஆட்டத்துக்கு முன்பே ஒரு பத்திரிகை அணியின் படத்தைப் போட்டு உலக சாம்பியன்கள் இவர்களே என்று அறிவித்துவிட்டது. உலகக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவர் ஜூலே ரிமே, வெற்றியைப் பாராட்டப் போர்த்துகீசிய மொழியில் ஓர் உரையைத் தயாரித்து வைத்திருந்தார். முடிவு எழுதப்பட்டாயிற்று, ஆடவேண்டியதுதான் பாக்கி.

இரண்டாம் பாதி தொடங்கியதும் ஃபிரியாசா கோல் அடித்தார். பிரேஸில் 1-0. 66ஆம் நிமிடத்தில் உருகுவேயின் கிஜியா வலது ஓரமாக ஓடிவந்து பந்தைக் குறுக்கே தள்ள, ஸ்கியாஃபினோ அதைக் கோலாக்கினார். 79ஆம் நிமிடத்தில் அதே கிஜியா, அதே ஓரம். பார்போசா முந்தைய கோலை ஞாபகத்தில் வைத்திருந்தார். மறுபடியும் பந்து குறுக்கே வரும் என்று கணித்துக் கம்பத்தை விட்டு ஓரடி நகர்ந்தார். நியாயமான கணிப்புதான். கிஜியா நேராக அடித்தார். அவருக்கும் கம்பத்துக்கும் இடையில் இருந்த சந்தில் பந்து நுழைந்தது. 2-1. கோப்பை உருகுவேக்கு. அரங்கமே வாயடைத்துப் போயிற்று. விழா எதுவும் நடக்கவில்லை. குழப்பத்துக்கு நடுவே ரிமே, உருகுவே கேப்டன் ஒப்துலியோ வரேலாவைத் தேடிப்பிடித்துக் கோப்பையைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

3

இப்போது கணக்கைப் பாருங்கள். இரண்டு ஆட்டங்களில் 13 கோல் அடித்த முன்வரிசை அன்று அடித்தது ஒன்றே ஒன்று. சமன் போதும் என்ற நிலையிலும் அணியை இழுத்துப் பிடிக்காத பயிற்சியாளர் இருந்தார். ஆடுவதற்கு முன்பே முடிசூட்டிய பத்திரிகைகளும் அரசியல்வாதிகளும் இருந்தார்கள். பழி போய்ச் சேர்ந்தது மூன்று பேரிடம். தடுப்பாட்டக்காரர்கள் பிகோஜே, ஜுவெனால், கோல்கீப்பர் பார்போசா. மூவரும் கறுப்பர், கலப்பினத்தவர். பிரேஸில் கால்பந்தில் கறுப்பர்களின் இடம் பற்றி 1947இல் நூல் எழுதிய பத்திரிகையாளர் மாரியோ ஃபில்யோ, 1964இல் அதை விரித்து வெளியிட்டபோது இந்தப் பழிக்குள் இருந்த இனவெறியைச் சேர்த்துச் சொன்னார். (மாரக்கானாவின் அதிகாரபூர்வப் பெயர் இன்று அவர் பெயர்தான்.)

இங்கே ஒரு நுட்பம் கவனத்திற்குரியது. அமெரிக்கக் கண்டத்தில் கடைசியாக, 1888இல்தான், அடிமை முறையை ஒழித்த நாடு பிரேஸில். அதற்கு ஐம்பது ஆண்டு கழித்து, 1938இல், சமூகவியலாளர் கில்பெர்ட்டோ ஃப்ரெய்ரெ பிரேஸில் ஆட்டத்தின் அழகே இனக்கலப்பில் விளைந்தது என்று எழுதினார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜெயித்தால் ‘நம் கலப்பின் அழகு’, தோற்றால் ‘அந்த ரத்தத்தின் கோழைத்தனம்’. ஒரே நாணயத்தின் இரு பக்கம். புகழும்போதும் பழிக்கும்போதும் பேசுவது மேலே இருப்பவன்தான். பார்போசா பேசுபொருள், பேசுகிறவர் அல்ல.

கறுப்பருக்கு நெருக்கடியில் நெஞ்சுரம் கிடையாது என்பதுதானே குற்றச்சாட்டு? அதே மைதானத்தில், அதே தொண்ணூறு நிமிடத்தில், முதல் கோல் விழுந்ததும் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடுவரிடம் வாதாடி, இரண்டு லட்சம் பேரின் கூச்சலை ஆறவைத்த வரேலாவும் கறுப்பு வம்சாவளிதான். ‘கறுப்புத் தலைவன்’ என்பது அவருக்கு ஜனங்கள் வைத்த பெயர். அவர் அணியின் ரொட்ரிகெஸ் அந்திராதேயும் கறுப்பர். நிரூபணம் கண்முன்னே நடந்தது, ஒருவரும் பார்க்கவில்லை. கருத்தியல் என்று நாம் சொல்வது இதைத்தான். தகவல் இல்லாததால் வருகிற குருட்டுத்தனம் அல்ல அது. தகவல் எதிரே நின்றாலும் அசையாதது.

பார்போசா அதற்குப் பிறகு அரை நூற்றாண்டு வாழ்ந்தார். கடையில் ஒரு பெண் தன் மகனிடம் அவரைக் காட்டி, பிரேஸில் முழுவதையும் அழவைத்த ஆள் இவர்தான் என்றதை அவர் சொல்லியிருக்கிறார். 1990களில் தேசிய அணியின் பயிற்சியைப் பார்க்கப் போனபோது ராசியில்லாதவர் என்று உள்ளே விடவில்லை. தீட்டு என்று நாம் ஒன்றை அறிவோமே, அதன் இன்னொரு உருவம். பிரேஸிலில் எந்தக் குற்றத்துக்கும் அதிகபட்சத் தண்டனை முப்பது ஆண்டுதான், நான் ஐம்பது ஆண்டாக அனுபவிக்கிறேன் என்று அவர் வேதனைப்பட்டது பலராலும் பதிவுசெய்யப்பட்டிருக்கிறது. 2000 ஏப்ரலில் இறந்தார். 2006இல் டிடா உலகக் கோப்பையில் பிரேஸிலின் முதல் கோல்கீப்பராக நின்றபோது, அவர் கறுப்பர் என்பதால் பார்போசாவின் பெயர் திரும்ப எழுந்தது. ஐம்பத்தாறு ஆண்டு கழித்தும்!

1988இல் ஜோர்ஜ் ஃபுர்ட்டாடோவும் அனா லூயிஸா அசெவெடோவும் ‘பார்போசா’ என்றே ஒரு குறும்படம் எடுத்தார்கள். சிறுவனாக அந்தத் தோல்வியைப் பார்த்த ஒருவன், பின்னாளில் காலத்தில் திரும்பிப்போய் மாரக்கானாவுக்குள் நுழைகிறான், அந்தக் கோலைத் தடுக்க. சரியான கணத்தில் பார்போசாவைக் கூப்பிடுகிறான். அவர் சத்தம் கேட்டுத் திரும்புகிறார். அந்த நொடியில் கோல் விழுகிறது. பழி போட்டவர்களின் கூட்டுக்குற்றத்தை இதைவிடத் தெளிவாகச் சொன்ன விமர்சனக் கட்டுரை எதையும் நான் வாசித்ததில்லை.

4

தோற்றவர்கள் எல்லோருக்கும் இந்தக் கதி வந்ததா? இல்லை. முதல் உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம் 1930இல் மோந்தெவிதேயோவில் நடந்தது. உருகுவே அர்ஜென்டினாவை 4-2 என்று வென்றது. எந்தப் பந்தில் ஆடுவது என்று தகராறு வந்து, பாதிக்கு ஒரு நாட்டின் பந்து என்று ஆடினார்கள். தோற்ற கோபத்தில் புவனோஸ் ஐரிஸில் உருகுவேத் தூதரகத்தின் மீது கல் வீசினார்கள். உள்ளுக்குள்ளும் ஒருவர் அகப்பட்டார்: லூயிஸ் மோந்தி. பயந்துபோய் ஆடினார் என்று ஏசினார்கள். அவர் இத்தாலிய வம்சாவளி. மறு ஆண்டே இத்தாலிக்குப் போனார். 1934இல் இத்தாலி அணியில் ஆடி உலகக் கோப்பையை வென்றார். மோந்திக்குப் போக இன்னொரு தேசம் இருந்தது. பார்போசா எங்கே போவார்? அவருடைய முன்னோரை அடிமைகளாய்க் கொண்டுவந்து இறக்கிய கரைதான் அவருக்கு இருந்த ஒரே தேசம்.

1954இல் பெர்ன் நகரில் ஹங்கேரி மேற்கு ஜெர்மனியிடம் 2-3 என்று தோற்றது. நான்காண்டுகளாகத் தோல்வியே காணாத அணி. புடாபெஸ்ட் தெருக்களில் ஆத்திரம் வெடித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் கோல்கீப்பர் க்ரோஷிச் மீது உளவுக் குற்றச்சாட்டு வந்தது. ஓராண்டுக்கு மேல் ஆட விடவில்லை. பிறகு ராணுவ அணியிலிருந்து பெயர்த்துச் சுரங்க ஊரான தத்தபான்யாவுக்கு அனுப்பினார்கள். இங்கே இனம் இல்லை. மக்கள் கோபம் தன் பக்கம் திரும்புமோ என்று அஞ்சிய கட்சி அரசு இருந்தது. ஆகவே இனம்தான் எல்லாம் என்று நான் சொல்ல வரவில்லை. பழிக்கு ஓர் உடல் தேவைப்படுகிறது. அது எந்த உடல் என்பதை அந்தந்தச் சமூகத்தில் ஏற்கனவே கிடக்கிற அதிகாரக் கோடுகள் முடிவு செய்கின்றன. ‘பழி ஓரிடம் பாவம் ஓரிடம்’ என்பது நம் ஊர்ச் சொல்.

5

பிற்பாடு விதியே இந்த வேலைக்கு வசதி செய்து கொடுத்தது. 1968 ஐரோப்பியக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் இத்தாலியும் யுகோஸ்லாவியாவும் 1-1 என்று முடித்தன. இரண்டு நாள் கழித்து மறுபடி ஆடினார்கள். இத்தாலி 2-0. மறுஆட்டத்தில் பதினோரு பேரும் சேர்ந்து தோற்கிறார்கள். அதே போட்டியின் அரையிறுதியில் இத்தாலியும் சோவியத் யூனியனும் சமனாக, நாணயத்தைச் சுண்டிப் போட்டார்கள். நாணயத்தை யார் திட்டுவது? 1970இல் பெனால்டி உதைகள் விதியாயின. 1976இல் பெல்கிரேடில் முதன்முறையாக ஒரு பெரிய இறுதி ஆட்டம் அப்படி முடிந்தது. மேற்கு ஜெர்மனியின் ஹோனஸ் அடித்த பந்து மேலே பறந்தது, பனேன்காவின் மெல்லிய உதையால் செக்கோஸ்லோவாக்கியா வென்றது. உலகக் கோப்பையில் 1994, 2006, 2022 இறுதி ஆட்டங்கள் இப்படித்தான் முடிந்தன.

இந்த முறை கூட்டு ஆட்டத்தைப் பிரித்துப் போடுகிறது. நடுக்கோட்டிலிருந்து ஒருவர் தனியாக நடந்து வருகிறார். 120 நிமிடம் பதினோரு பேர் செய்ததும் செய்யாததும் அவர் காலில் வந்து ஏறுகிறது. 1994இல் இத்தாலியின் பாஜ்ஜோ மேலே தூக்கி அடித்ததால் கோப்பை போயிற்று என்பார்கள். பரேசி தவறவிட்டார், மாஸ்ஸாரோ தவறவிட்டார். பாஜ்ஜோ அடித்திருந்தாலும் 3-3தான் ஆகியிருக்கும், பிரேஸிலுக்கு இன்னும் ஓர் உதை பாக்கி இருந்தது. ஆனால் கதைக்கு ஒரு கடைசி முகம் வேண்டும். பாஜ்ஜோவுக்கும் காயம் ஆறவில்லை. எனினும் இத்தாலியில் யாரும் அவருடைய தோலைச் சுட்டிப் பேசவில்லை, நீ இத்தாலியன்தானா என்று கேட்கவில்லை.

6

2021 ஜூலை 11, லண்டன் வெம்ப்ளி. ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம், இங்கிலாந்தும் இத்தாலியும் 1-1. பெனால்டியில் இத்தாலி 3-2. இங்கிலாந்துக்குத் தவறவிட்ட மூவர் ராஷ்ஃபோர்ட், சான்சோ, சாகா. மூவரும் கறுப்பர். சாகாவுக்கு வயது 19. இத்தாலியர் இருவரும் தவறவிட்டிருந்தார்கள், ஜெயித்ததால் அது மறைந்தது. அன்றிரவே மூவர்மீதும் இனவசை கொட்டியது. ஆட்டத்துக்கு முன் இனவெறிக்கு எதிராக முழங்காலிட்ட இதே அணியை அதன் ரசிகர்களில் ஒரு பகுதியினர் கூச்சலிட்டு இகழ்ந்திருந்தார்கள். உள்துறை அமைச்சர் ப்ரீத்தி படேல் அதை வெற்றுச் சைகை அரசியல் என்றிருந்தார். ஆக, வசை அன்றிரவு முளைத்ததல்ல.

1996இல் லெ பென், வெளியிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து பிரெஞ்சு அணி என்கிறார்கள் என்றார். 1998இல் அந்த அணி 3-0 என்று பிரேஸிலை வென்றது. அல்ஜீரியப் பெற்றோரின் மகன் ஸிதான் இரண்டு கோல். ‘கறுப்பர்-வெள்ளையர்-அரபியர்’ என்று பாரிஸ் கூத்தாடியது. நான்கே ஆண்டில் லெ பென் அதிபர் தேர்தலின் இரண்டாம் சுற்றுக்கு வந்தார். 2022 டிசம்பரில் அர்ஜென்டினாவிடம் பெனால்டியில் தோற்றபோது, தவறவிட்ட கோமான், ஷுவாமெனி இருவர்மீதும் அதே வசை. வெற்றி தந்த குடியுரிமை தோற்றவுடன் காலாவதியாகிவிடுகிறது. பார்போசாவின் கோல் கம்பம் ரியோவில் மட்டும் நடப்பட்டதல்ல.

7

நண்பருக்கு நான் சொல்ல நினைப்பது இவ்வளவுதான். ‘நாம் ஜெயித்தோம்’ என்று தேசம் பேசும்போது நாம் எளிதில் சந்தேகப்படுகிறோம். ‘இவனால் தோற்றோம்’ என்னும்போதுதான் அது தன்னை முழுக்கக் காட்டிக்கொடுக்கிறது. அந்த இடத்தில் காது கொடுக்க வேண்டும். நம் இயக்கங்களின் தோல்விகளுக்கு நாம் யார் பெயரைச் சொல்லி வந்திருக்கிறோம் என்றும் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

வேறு மாதிரியும் நடக்க முடியும். மான்செஸ்டரில் ராஷ்ஃபோர்ட் படம் வரைந்த சுவர் சிதைக்கப்பட்ட மறுநாள், அக்கம்பக்கத்துச் சனங்கள், பள்ளிப் பிள்ளைகள் உட்பட, துண்டுக் காகிதங்களில் எழுதிக் கொண்டுவந்து சுவர் முழுக்க ஒட்டினார்கள். 1950 ஜூலை 16 இரவு வரேலா வெற்றிக் கொண்டாட்டத்தில் இருக்கவில்லை. ரியோவின் மதுக்கடைகளுக்குப் போய், அழுதுகொண்டிருந்த பிரேஸில்காரர்களோடு உட்கார்ந்து விடியவிடியக் குடித்ததாக அவரே பின்னாளில் சொன்னார். தன்னால் அழுகிறவர்களின் முகத்தை அருகில் இருந்து பார்த்திருக்கிறார். அங்கே யாராவது பார்போசாவைத் திட்டியிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.