நந்தா விளக்கும் சேமிப்பும்

திருச்சிராப்பள்ளிக்கு வடபால், காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே அமைந்த தீவு திருவரங்கம். அங்குள்ள அரங்கநாதர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் பல உள. இரவும் பகலும் அணையாது எரியும் நந்தா விளக்கிற்காக அன்பர் பொன்னும் நிலமும் ஈந்தமையை அவை கூறும். விளக்கோ என்றும் எரிதல் வேண்டும்; ஈந்தவரோ சில ஆண்டுகளில் மறைபவர். ஆதலின் முதலைத் தொடாது, அதன் பயனைக் கொண்டே விளக்கெரித்தனர்.

சோழநாட்டுக் கோயில்கள் பலவற்றில் விளக்கொன்றிற்கு 90 அல்லது 96 ஆடுகள் விடப்பட்டன. அவற்றைப் பெற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளந்தனர். முதிய ஆடு இறப்பின் குட்டி அதன் இடத்தை நிரப்பும். ஆதலின் அவற்றிற்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். எத்துணை அழகிய பெயர்! நெய்யின் விலை ஏறினும் விளக்கிற்கு இடரில்லை. இடையர் அளந்தது காசன்று, நெய்யே.

காசாகச் சேமிப்பார்க்கு இக்காப்பு இல்லை. ஒருவர் தம் மகளின் கல்லூரிப் படிப்பிற்கென 1,00,000 ரூபாயைப் பெட்டியில் பூட்டி வைத்தார் எனக் கொள்வோம். விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறுமாயின், 12 ஆண்டுகளில் அஃது ஏறத்தாழ இருமடங்காகும். பெட்டியில் ஒரு தாளும் குறைந்திராது. ஆயினும் காந்தி சந்தையில் அதற்குக் கிடைக்கும் அரிசி பாதியே. வங்கியில் இட்டு 4 விழுக்காடு வட்டி பெற்றிருப்பினும், ஐந்தில் ஒரு பங்கு தேய்ந்தே இருக்கும்.

நிலமும் பொன்னும் நிறுமப் பங்குகளும் விலைவாசியோடு ஏறக்கூடியவை. ஏறியே தீரும் என்னும் உறுதி அவற்றிற்கு இல்லை. 2008ஆம் ஆண்டில் இந்தியப் பங்குகளின் விலை பாதிக்குமேல் சரிந்தது. அக்காலத்தில் மந்தை குறைந்தாலும் நெய் அளக்கும் கடன் இடையரைச் சார்ந்தது. பங்குச் சந்தையில் அத்தகைய கடனை ஏற்பார் எவருமிலர்.