ஏழு குழுக்களும் ஓர் ஐந்தாம் வாய்ப்பாடும்

உயர்தரப் பரீட்சை நெருங்குகிறது. பிரித்தானியர் இலங்கைக்குத் தந்த டொனமூர் யாப்பைப் பற்றிச் சந்தேகம் கேட்டு வந்த கடிதங்களில் அல்லைப்பிட்டி மாணவர் ஒருவரின் கேள்வி நேரானது: "1931இல் எங்கள் ஊர்காவற்றுறைத் தொகுதிக்கு யார் உறுப்பினர்?"

ஒருவரும் இல்லை. முழுச் சுயராச்சியம் தராத யாப்பு வேண்டாம் என்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரிப்பில் இறங்கியது. யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் வேட்புமனுவே விழவில்லை. 1934 இடைத்தேர்தல் வரை அந்த ஆசனங்கள் வெறுமையாகவே கிடந்தன.

சர்வசன வாக்குரிமை பற்றி எல்லோருக்கும் தெரியும், விடுவோம். "மந்திரிகள் இருந்தார்களே, பிறகென்ன குறை?" என்பதில்தான் பலருக்கும் குழப்பம். சுயாட்சிக்கான பயிற்சி என்றது லண்டன். நிதி, சட்டம், பாதுகாப்பு, அரசாங்க சேவை எல்லாம் மூன்று செயலாளர்களிடம் இருந்தன. அவர்களை மக்கள் தெரிவுசெய்யவில்லை. அதற்கும் மேலே தேசாதிபதியின் மறுப்பதிகாரம். வண்டியில் ஏற்றிவிட்டுக் கடிவாளத்தைத் தன் கையிலேயே வைத்துக்கொள்ளும் பயிற்சி அது.

ஆனால் என்னை உறுத்துவது கடிவாளமல்ல, நிர்வாகக் குழு என்ற ஏற்பாடு. டொனமூர் ஆணைக்குழு கட்சிகளையும் எதிர்க்கட்சியையும் நம்பவில்லை. அரசாங்க சபை முழுவதும் ஆளட்டும் என்றது. உறுப்பினர்கள் இரகசிய வாக்கெடுப்பில் ஏழு குழுக்களாகப் பிரிவார்கள்: உள்நாடு, விவசாயம், உள்ளூராட்சி, சுகாதாரம், தொழில், கல்வி, போக்குவரத்து. ஒவ்வொரு குழுவும் தனக்கொரு தலைவரைத் தெரிவுசெய்யும், அவரே மந்திரி. சிறுபான்மையினருக்கும் ஆட்சியில் கை இருக்கும் என்பது கணிப்பு.

1931இல் அது ஓரளவு பலித்தது. மலையகத் தமிழரான பெரி. சுந்தரமும் முஸ்லிமான மாக்கான் மாக்காரும் மந்திரிகளானார்கள். வடக்கின் நான்கு ஆசனங்களும் காலியாக இருந்தபோது நடந்தது இது.

1936 தேர்தலில் வடக்கும் தொடக்கத்திலிருந்தே வந்து உட்கார்ந்தது. அப்போது ஒருவர் உட்கார்ந்து கணக்குப் போட்டார். குழுவுக்கு எட்டுப் பேர் என்று வையுங்கள். ஐந்து பேர் கையில் இருந்தால் தலைவர் உங்களவர். ஏழைந்து முப்பத்தைந்து. பிடித்த குழுவுக்கு அவரவர் ஓடாமல், முப்பத்தைந்து பேரையும் ஐந்தைந்தாகப் பங்கிட்டு உட்காரவைத்தால் ஏழு மந்திரிகளும் உங்களுக்கே. மிச்சம் இருபது பேருக்கு மேல் இருந்தும் அவர்களுக்கு ஒன்றும் இல்லை. அப்படியே ஏழு மந்திரிகளும் சிங்களவராக அமைந்தார்கள். சீர்திருத்தத்தை ஒரே குரலில் கேட்க ஒருமித்த மந்திரிசபை வேண்டும் என்பது சிங்களத் தலைவர் டி.பி. ஜயதிலக்க தரப்பின் நியாயம். ஒருமிப்புக்கு ஏன் ஓர் இனம் மட்டும் போதுமானது என்று அவர்கள் விளக்கவில்லை. கணக்கைப் போட்டவர் உரும்பிராயில் பிறந்த கணிதப் பேராசிரியர் சி. சுந்தரலிங்கம் என்பது பலரும் எழுதிய செய்தி. நம்மவர் மூளைக்கு இப்படியும் ஒரு பயன்!

சரி, ஊர்காவற்றுறை? வேலணையில் பிறந்த வை. துரைசுவாமி அந்தத் தொகுதியிலிருந்து வென்று அதே 1936இல் சபாநாயகரானார். பெருமைதான். ஆனால் சபாநாயகருக்குக் குழுவில் இடமில்லை. தீவகத்தின் குரல் கணக்குக்கு வெளியே உயரமான நாற்காலியில் இருந்தது.

மிச்சக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

தமிழ் மந்திரி பிறகும் வரவில்லையா? 1942இல் அ. மகாதேவா உள்நாட்டு மந்திரியானார்.

குழுமுறை எப்போது ஒழிந்தது? சோல்பரி யாப்போடு, 1947இல்.

குழுமுறையால் நன்மையே இல்லையா? இலவசக் கல்வி, கல்விக் குழுத் தலைவர் கன்னங்கரா உழைத்த உழைப்பின் பயன்.

தோட்டத் தொழிலாளருக்கு வாக்கு? நிபந்தனைகளோடு இருந்தது, 1948, 1949 சட்டங்கள் அதையும் பறித்தன.

 

பரீட்சை எழுதுவோருக்கு: "சுயாட்சிக்கான பயிற்சி" என்று எழுதினால் புள்ளி கிடைக்கும். 1936 மந்திரிசபையை எழுதாமல் விட்டுவிடாதீர்கள்.